ஒக்கிக்குப் பிறகும் அணுஉலையை எதிர்ப்பது சரியா? குமரிக்காரர்களிடம் ஒரு கேள்வி

1. தூத்தூர் கடலோடி

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றைக் கேட்கிறேன்.

2012இல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மாதா கோவிலில் போட்டிருந்த பந்தலுக்கு எங்கள் ஊரிலிருந்து வேன் பிடித்துப் போவோம். ஜப்பானில் புகுஷிமா அணுஉலை விபத்து நடந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சுனாமிக்குப் பிறகு கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் பார்த்த நமக்கு, கடலோரத்தில் அணுஉலை என்றால் என்ன பயம் வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்குப் போனதற்காக நான் இன்றும் வருந்தவில்லை.

அப்புறம் 2017 நவம்பர் 30 அன்று புயல் வந்தது. ஒக்கி. பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கலுக்குப் போன என் சித்தப்பா திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நம் மாவட்டம் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கடலோடிகளை இழந்தது. எங்கள் பக்கத்து எட்டு ஊர்களில் சாவு விழாத தெரு குறைவு.

அதற்குப் பிறகுதான் கடல் சூடாவதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1982-2000 காலத்தைவிட, 2001 முதல் 2019 வரையிலான காலத்தில் அரபிக்கடலில் புயல்களின் எண்ணிக்கை 52 விழுக்காடு கூடியிருக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். சாளை (மத்தி) மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளக் கரையில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021இல் 4,000 டன்கூட இல்லை. நம் கரையும் அதே கடல்தானே.

நிலக்கரிப் புகையால் கடல் சூடாகிறது, அணுஉலையில் அந்தப் புகை இல்லை என்றால், நான் அன்றைக்கு எதிர்த்தது என் சித்தப்பாவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒன்றையா? கட்சி பேச வேண்டாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. மார்த்தாண்டம் வாத்தியார்

தம்பி, உன் சித்தப்பாவுக்கு என் அஞ்சலி. முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தனிப் புயலை எடுத்துக்கொண்டு, இது புவி வெப்பத்தால்தான் வந்தது என்று யாரும் கை வைத்துச் சொல்ல முடியாது. கடலின் மேல்மட்டம் சூடானால் புயலுக்குத் தீனி கூடும், சட்டென்று வலுக்கும் என்பது வரைக்கும் சொல்லலாம். அந்தக் குற்ற உணர்ச்சியை நீ சுமக்க வேண்டாம்.

இனி கணக்கு. காலநிலைக்கான பன்னாட்டு அரசுகள் குழு 2014 அறிக்கையில் ஒரு அட்டவணை தந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, சுரங்கம் தோண்டுவது முதல் நிலையத்தை இடிப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து எவ்வளவு கரியமில வாயு என்று. நிலக்கரி 820 கிராம். எரிவாயு 490. பெரிய சூரியப் பூங்கா 48. அணு 12. கரையில் நிற்கும் காற்றாலை 11. அணுவும் காற்றும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் இருக்கின்றன, பார்.

கூடங்குளத்தில் இப்போது ஓடுவது ஆயிரம் மெகாவாட் வீதம் இரண்டு அலகு. வருடத்தில் ஐந்தில் நான்கு பங்கு நேரம் ஓடினால் 1,400 கோடி யூனிட் வரும். அதே யூனிட்டை நிலக்கரியில் எடுத்தால் ஒரு கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு வானத்துக்குப் போகும். வருடா வருடம். இதை மறுத்துவிட்டு எந்த வாதத்தையும் தொடங்க முடியாது.

ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று கடைசி மூன்று அணுஉலைகளையும் மூடியது. அப்போதும் அங்கே நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது. மூடும் வரிசையை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஓடுகிற உலையை நிறுத்துவதும் புது உலை கட்டாமல் இருப்பதும் வேறு வேறு கேள்விகள். நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

3. குளச்சல் அலை

வாத்தியார் சார் 12 கிராம் என்று சொல்லிவிட்டார். 2012 செப்டம்பர் 10 அன்று அணுஉலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இறந்த மீனவர் எந்த அட்டவணையில் வருகிறார்? ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு போட்டார்களே, அது எத்தனை கிராம்? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை.

4. ஆரல்வாய்மொழி காத்தாடி

நான் முப்பந்தலில் காற்றாலை பராமரிப்பில் இருக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிறது. காத்தாடிதான் இருக்கிறதே, அணு எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். என் சோறு காற்றில்தான் இருக்கிறது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்.

முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் நிற்கிறது. பெயரளவுக்கு கூடங்குளத்தின் ஒன்றரை அலகு. வருடம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் அதில் கால்வாசி கிடைத்தாலே நல்ல வருடம். ஆனி, ஆடி, ஆவணியில் கணவாய் வழியாக வருகிற காற்றில் ஆளே நிற்க முடியாது. அப்போது சில நாள், மின்சாரம் எடுக்க வழியில்லை, நிறுத்துங்கள் என்று உத்தரவு வரும். நல்ல காற்றில் இறக்கையைத் திருப்பி நிறுத்துகிற வலி உங்களுக்குப் புரியாது. தை, மாசியில் இதே காத்தாடி கொக்கு மாதிரி நிற்கும்.

காற்று போதாது என்று நான் சொல்ல வரவில்லை. சேமிக்க வழி வேண்டும். மேலே ஒரு அணை, கீழே ஒரு அணை வைத்து, காற்று மிஞ்சும்போது தண்ணீரை ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிற நிலையம் காடம்பாறையில் 1987 முதலே இருக்கிறது. 400 மெகாவாட். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. காத்தாடி 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிய மாநிலத்துக்கு இது எந்த மூலைக்கு?

இன்னொன்று. இங்கே பாதிக்கு மேல் பழைய சின்ன இயந்திரங்கள். நல்ல காற்று வருகிற இடத்தையெல்லாம் அவைதான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அதே இடத்தில் இரண்டு மெகாவாட், மூன்று மெகாவாட் இயந்திரம் வைக்கலாம். 2024இல் தமிழக அரசு இதற்கென்றே கொள்கை வெளியிட்டது. புது நிலம் ஒரு சென்ட் வேண்டாம், புது உலையும் வேண்டாம். இந்த வேலையை முதலில் முடிக்கச் சொல்லி ஏன் யாரும் பந்தல் போடுவதில்லை?

5. மணவாளக்குறிச்சி மகள்

எல்லோரும் கூடங்குளத்தையே பேசுகிறீர்கள். அணுசக்தி நம் பக்கத்துக்கு 1988இல் சோவியத் ஒப்பந்தத்தோடு வந்தது என்று நினைக்கிறீர்களா? 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. நம் தாத்தா காலத்துக் கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் மேண்டில் எரிந்தது தோரியத்தால்தான். நூறு வருடத்துக்கும் மேலாக எங்கள் கரை இதற்காகத் தோண்டப்படுகிறது.

என் வீட்டு வாசலிலிருந்து கடல் வரை இருந்த மணல்மேடு, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தென்னை உயரத்துக்கு நின்றது. சறுக்கி விளையாடுவோம். இப்போது அந்த மேடு இல்லை. ஆனி மாதம் அலை நேராக வருகிறது. கடல் திடீரென்று பொங்கி வரும் கள்ளக்கடல் என்று அறிவித்தால் நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறோம். முன்பெல்லாம் அந்த மேடு எங்களைக் காத்தது.

இப்போது கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம் பக்கம் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம். கருத்துக்கேட்புக் கூட்டம் என்று 2024இல் அறிவித்தார்கள். ஊர்கள் திரண்டு எதிர்த்தன.

எனக்கு ஒரு சந்தேகம். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். கடல் ஏறுவதைத் தடுக்க அணுமின்சாரம் வேண்டும் என்கிறார்கள். அந்த அணுமின்சாரத்துக்காக, கடல் ஏறாமல் தடுக்கிற மணலை எடுக்கிறார்கள். இந்தத் தோரியத்திலிருந்து இதுவரை ஒரு வீட்டுக்காவது மின்சாரம் வந்திருக்கிறதா?

6. ஓய்வுபெற்ற பொறியாளர், நாகர்கோவில்

நான் வேறு மாநிலத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கச்சியின் கேள்விக்கு முதலில் பதில்.

சொல்லும்படியாக இல்லை. தோரியம் தானாகப் பிளக்காது. அது உலைக்குள் ஒரு நியூட்ரானை வாங்கி யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். அதற்குப் பிறகுதான் எரிபொருள். அணு விஞ்ஞானி ஹோமி பாபா வகுத்த மூன்று கட்டத் திட்டத்தில் இது மூன்றாவது கட்டம். கல்பாக்கத்தில் காமினி என்று ஒரு சின்ன ஆய்வு உலை 1996 முதல் யுரேனியம்-233இல் ஓடுகிறது. அதன் திறன் 30 கிலோவாட். மெகாவாட் என்று வாசித்துவிடாதீர்கள். இரண்டாம் கட்டமான, எரிப்பதைவிடக் கூடுதலாக எரிபொருளை உண்டாக்கும் வேக ஈனுலைகள் நிறைய ஓடினால்தான் மூன்றாம் கட்டத்துக்கே போக முடியும். கல்பாக்கத்து 500 மெகாவாட் ஈனுலையின் உலைக்கருவை நிரப்பத் தொடங்கியதே 2024 மார்ச்சில். ஆகவே, புவி வெப்பத்தைத் தடுக்கத் தோரிய மணலை அவசரமாக எடுக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இதை அணுசக்தியை விரும்புகிறவனாகவே சொல்கிறேன்.

கூடங்குளத்தின் பாதுகாப்பு பற்றி. புகுஷிமாவில் சுனாமித் தண்ணீர் கீழ்த்தளத்தில் இருந்த டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் எரிபொருள் உருகியது. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றின் இயல்பான ஓட்டத்தால் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு இருக்கிறது. உலைக்கலத்துக்குக் கீழே, உருகினாலும் பிடித்துவைக்க ஒரு தனிக் கலம். இரட்டைச் சுவர் கூடம். புகுஷிமாவின் பழைய உலைகளில் இவை இல்லை. 2004 சுனாமி அலை அந்த இடத்தில் 2.2 மீட்டர்தான் ஏறியது. உலைக் கட்டடங்கள் அதைவிடப் பல மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அது அப்படியே புகுஷிமா ஆகும் என்று நான் பயப்படவில்லை.

என்னால் பதில் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. எரிந்து முடிந்த எரிபொருள். முதல் ஒப்பந்தத்தில் அதை ரஷ்யாவே திருப்பி எடுத்துக்கொள்வதாக இருந்தது. பிறகு அது மாறி, நாமே வைத்துக்கொள்வது என்றானது. 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் நிலையத்தை ஓட்ட அனுமதித்தது, கூடவே நிபந்தனைகளும் விதித்தது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பகம் கட்ட 2019இல் கருத்துக்கேட்பு அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளிவைத்தார்கள். எரிந்த எரிபொருளில் இருக்கிற கதிரியக்கச் சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 வருடம் ஆகும். புளூட்டோனியம்-239க்கு 24,000 வருடம். நிரந்தரமாக எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் இரண்டு அலகை ஆறாக்கப் போவது, கழிப்பறை இல்லாமல் வீடு கட்டிக் குடியேறுவது போல. என் சக ஊழியர்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

7. நாஞ்சில் வயல்

கடற்கரைக்காரர்கள் மட்டும் பேசினால் எப்படி? வயல்காரன் நானும் சொல்கிறேன்.

கூடங்குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருவதாக இருந்தது தெரியுமா? பேச்சிப்பாறையிலிருந்து. 1906இல் திருவிதாங்கூர் மகாராஜா மூலம் திருநாள் காலத்தில் நம் வயலுக்காகக் கட்டிய அணை. அன்றைக்கு விவசாயிகளும் மீனவர்களும் ஒன்றாக நின்றார்கள். 1989 மே 1 அன்று தண்ணீரையும் உயிரையும் காப்போம் என்று மீனவர் பேரணி கன்னியாகுமரியில் வந்து முடிந்தபோது துப்பாக்கிச்சூடு நடந்தது. அப்பாவும் போயிருந்தார். செருப்பில்லாமல் ஓடி வந்ததைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு நிலையத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வைத்தார்கள், அணை தப்பியது. எதிர்த்ததால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்றைக்கும் என் வயலுக்குத் தண்ணீர் வருகிறது.

மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) நாற்று முழுக்க ஒரு வாரம் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. ரப்பர் வெட்டு எத்தனை நாள் நின்றது என்று குலசேகரம்காரர்களைக் கேளுங்கள். வெப்பம் கடலில் மட்டும் இல்லை.

8. அஞ்சுகிராமம் அக்கா

எங்கள் ஊர் கூடங்குளத்திலிருந்து 15 கிலோமீட்டர் வாக்கில். அணுமின் நிலையத்தைச் சுற்றி மூன்று வட்டம் போடுவார்கள் என்று படித்தேன். முதல் வட்டத்தில் குடியிருப்பே கூடாது, 5 கிலோமீட்டருக்குள் ஊர் பெருகக் கூடாது, 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம். அந்த மூன்றாவது வட்டத்தின் விளிம்பில் என் தெரு. பதினாலு வருடமாக இங்கே குடியிருக்கிறேன். ஒன்று நடந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் போக வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும் என்று ஒருவரும் வந்து சொன்னதில்லை.

எனக்கு அணுமின்சாரம் மேல் வெறுப்பு கிடையாது. 2012இல் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லை. அப்போது பெரியவன் பத்தாம் வகுப்பு. மெழுகுவர்த்தியில் படித்தான். கூடங்குளம் ஓடத் தொடங்கியதும் நிம்மதியாக இருந்தது, மறைக்க மாட்டேன். இப்போதுள்ள 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925. அதுவும் வேண்டியதுதான். எந்த ரோட்டில் போவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

9. தூத்தூர் கடலோடி

எல்லோருடைய பதிலையும் இரண்டு தடவை வாசித்தேன். அக்கா சொன்ன வட்டத்தை நேற்று இரவு வரைபடத்தில் வரைந்து பார்த்தேன். கூடங்குளத்தை நடுவில் வைத்து 16 கிலோமீட்டர். வட்டத்தின் பாதி கடல்.

அந்தப் பாதியில் யார் இருக்கிறார்கள்? இடிந்தகரை, கூத்தங்குழி, சின்னமுட்டம், கன்னியாகுமரி வள்ளங்கள். சீசனில் இரவு நேரத்தில் அந்தக் கடலில் பார்த்தால் விளக்குகள் ஊர் மாதிரி தெரியும். கரையில் சைரன் ஊதினால் அவர்களுக்குக் கேட்குமா? ரோடு, பள்ளிக்கூடம், பேருந்து என்று போடுகிற திட்டத்தில் வள்ளத்துக்கு என்ன வழி? கரைக்கு வா என்பார்களா, வராதே என்பார்களா?

சித்தப்பா விஷயத்தில் நடந்தது இதேதான். புயல் வருகிறது என்று கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தபோது, அவர் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அவர் கையில் இருந்தது கொஞ்ச தூரத்துக்கு மட்டும் எட்டும் வயர்லெஸ். நாட்டிகல் மைல் கணக்கில் உள்ளே இருப்பவனை யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. ஒக்கிக்குப் பிறகுதான் செயற்கைக்கோள் கருவியெல்லாம் பேச்சுக்கு வந்தது.

நான் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன். வாத்தியார் கணக்கை ஏற்கிறேன். ஓடுகிற இரண்டு அலகையும் இன்றைக்கே மூடு என்று இனி நான் சொல்ல மாட்டேன், மூட வேண்டியது நிலக்கரி முதலில். பொறியாளர் ஐயா சொன்ன அந்தச் சேமிப்புக்கு இடமும், கடலில் இருப்பவனுக்குச் சேர்த்துப் போட்ட ஒரு திட்டமும் இல்லாமல் இன்னொரு உலை கூடாது என்பதில் மட்டும் 2012இல் இருந்த அதே இடத்தில் நிற்கிறேன். அன்றைக்குப் பயத்தில் நின்றேன். இன்றைக்குக் கேட்க வேண்டியது என்ன என்று தெரிந்து நிற்கிறேன்.

10. மார்த்தாண்டம் வாத்தியார்

தம்பியின் வட்டத்தை நான் நினைத்தே பார்த்ததில்லை. நானும் வரைந்து பார்த்தேன், சரிதான்.

காலத்தைப் பற்றியும் நான் சொல்லியிருக்க வேண்டும். கூடங்குளத்துக்குக் கையெழுத்தானது 1988 நவம்பர். முதல் அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31. இருபத்தாறு வருடம். சோவியத் உடைந்தது, பணம் நின்றது, எதிர்ப்பு வந்தது, எல்லாம் சேர்த்து. சரி, நம் ஊர்தான் இப்படியா என்றால், பின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ மூன்றாவது உலையை 2005இல் கட்டத் தொடங்கி 2023இல்தான் முறையாக ஓட்டினார்கள். 2047க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று மத்திய அரசு 2025இல் இலக்கு வைத்திருக்கிறது. இருக்கலாம். கடல் அதுவரைக்கும் சூடாகிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த பத்து வருடத்துக்கு முப்பந்தல் தம்பி சொன்ன வேலைதான் சீக்கிரம் பலன் தரும்.

11. ஓய்வுபெற்ற பொறியாளர், நாகர்கோவில்

கடலோடி தம்பிக்கு: நான் பணியில் பார்த்த ஒத்திகைகள் எல்லாம் கரையில் உள்ள ஊர்களை வைத்துத்தான். அங்கே பக்கத்தில் கடல் கிடையாது, ஆறுதான். உன் கேள்விக்கு என்னிடம் தயாராகப் பதில் இல்லை. கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

காற்றாலைத் தம்பிக்கு ஒரு யோசனை. உலையில் எரிபொருள் மாற்ற, பராமரிக்க என்று அவ்வப்போது இரண்டு மாதம் வாக்கில் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்தை எப்போதும் ஆனி, ஆடியில் விழும்படி வைத்தால், உங்கள் காத்தாடியை நிறுத்தச் சொல்லும் நாள்கள் குறையும். இரண்டும் எதிரிகளாக இருக்க வேண்டியதில்லை.

12. ஆரல்வாய்மொழி காத்தாடி

ஐயா, இதை எங்கள் சங்கத்தில் வைக்கிறேன். ஆடி மாதம் ஒரே ஒரு வாரம் கூடுதலாகச் சுற்றினாலே பெரிய விஷயம்.

13. தூத்தூர் கடலோடி

நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். அடுத்த கூட்டத்துக்கு மனு எழுதிவிட்டேன். இரண்டே கேள்வி. 16 கிலோமீட்டருக்குள் கடலில் இருக்கும் வள்ளங்களுக்கு யார், எந்தக் கருவியில், எத்தனை நிமிடத்துக்குள் தகவல் சொல்வார்கள்? வள்ளம் எந்தத் துறைக்குப் போக வேண்டும்?

அஞ்சுகிராமம் அக்கா, உங்கள் ரோட்டுக் கேள்வியை மூன்றாவதாகச் சேர்க்கட்டுமா? சரி என்றால் கையெழுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சின்னமுட்டத்திலிருந்து யாராவது இந்த இழையை வாசித்தால், ராத்திரித் தொழிலுக்கு எத்தனை வள்ளம் போகிறது என்ற எண்ணிக்கை மட்டும் வேண்டும். மனுவில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.